பேபுக்குச் சொல்லாத பாதி

இன்னைக்கு ஒரு கோல்ஃப் கதை. உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க, எனக்கும் கோல்ஃப் தெரியாது. நான் வளர்ந்தது சங்கராபுரம். மேற்கே பார்த்தா கல்வராயன் மலை, கிழக்கே போனா திருக்கோவிலூர், சுத்திலும் நெல்லும் கரும்பும். அங்க யாராவது புல்லை இவ்வளவு ஒட்ட வெட்டி வெச்சிருந்தா, மாட்டுக்கு என்ன போடுவேன்னு எங்க ஆயா சண்டைக்குப் போயிருப்பாங்க. கோல்ஃப் மைதானம்னு ஒன்னை நான் முதல்முதல்ல பார்த்ததே சென்னைக்கு வந்தப்புறம்தான், நந்தனத்துல பஸ் ஜன்னல் வழியா.

ஆனா இந்தக் கதையைச் சொல்ல நான் கிரிக்கெட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

2011 மார்ச் 20, ஞாயித்துக்கிழமை. உலகக் கோப்பை, சேப்பாக்கம், இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும். எனக்குப் பத்தாவது பொதுத்தேர்வு நெருங்கிட்டிருந்துச்சு. புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு டிவி பார்த்துட்டிருந்தேன். கரண்ட் போய்ப் போய் வர்ற காலம் அது. யுவராஜ் சிங் 113 அடிச்சார். நடுவுல மைதானத்துலயே குனிஞ்சு வாந்தி எடுத்தார். வெயில், சென்னை வெயில் யாரைத்தான் விட்டுச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அவரும் அப்படித்தான் நினைச்சார். அந்தத் தொடர்ல 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. அப்புறம்தான் தெரிஞ்சது, நெஞ்சுக்குள்ள கட்டி. 2012 தொடக்கத்துல அமெரிக்காவுல கீமோதெரபி. அதே வருஷம் செப்டம்பர் 11ஆம் தேதி திரும்ப இந்தியாவுக்கு ஆட வந்தார். எங்க? மறுபடியும் அதே சேப்பாக்கம். நியூஸிலாந்துகிட்ட ஒரு ரன்ல தோத்தோம், அது வேற கதை.

யுவராஜ் விஷயத்துல, ஆடும்போது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நான் இன்னைக்குச் சொல்லப் போற ஆளோட கதை வேற மாதிரி. அவங்களுக்குக் கேன்சர்னு ஊருக்கே தெரியும். அவங்களே மைக் முன்னாடி நின்னு சொன்னாங்க. ஆனா அந்தக் கேன்சர் பத்தி முக்கியமான ஒரு விஷயம், அவங்களைத் தவிரப் பக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அவங்க பேர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். எல்லாரும் கூப்பிட்டது பேப். பேஸ்பால் வீரர் பேப் ரூத் மாதிரி பந்தை விளாசுனதால அந்தப் பேர் வந்துச்சுன்னு அவங்களே சொல்வாங்க. 1911 ஜூன் 26ல அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துல போர்ட் ஆர்தர்ங்கிற ஊர்ல பிறந்தாங்க. வளர்ந்தது பக்கத்துல இருக்குற போமான்ட். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிறைஞ்ச ஊர். அப்பா அம்மா நார்வேயில இருந்து பிழைக்க வந்தவங்க. வீட்டுல நிறைய பிள்ளைங்க, கையில காசு கிடையாது.

பள்ளிக்கூடத்துல கூடைப்பந்து நல்லா ஆடுனதைப் பார்த்து டல்லஸ்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி வேலை குடுத்துச்சு. பேருக்கு டைப்பிஸ்ட் வேலை, உண்மையில கம்பெனி டீமுக்கு ஆடணும். நம்ம ஊர்ல ரயில்வேயும் பேங்கும் விளையாட்டுக் கோட்டாவுல ஆள் எடுக்குற மாதிரின்னு வெச்சுக்கோங்க. 1932ல தேசிய தடகளப் போட்டிக்கு அந்தக் கம்பெனி ஒரு டீம் அனுப்புச்சு. டீம்ல மொத்தம் எத்தனை பேர்? ஒரே ஒருத்தங்க. பேப் மட்டும். எட்டுப் போட்டியில கலந்துக்கிட்டு 30 புள்ளி எடுத்தாங்க. ரெண்டாவது வந்த கிளப்புக்கு 22 புள்ளி, அவங்க இருபதுக்கும் மேல பேர் வந்திருந்தாங்க. ஒத்தை ஆளா டீம் கோப்பையை வாங்கிட்டுப் போனாங்க.

அதே வருஷம் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். அப்போ ஒரு பெண் மூணு தனிநபர் போட்டிக்கு மேல கலந்துக்கக் கூடாதுன்னு விதி. பேப் மூணுல கலந்துக்கிட்டாங்க. ஈட்டி எறிதல் தங்கம். 80 மீட்டர் தடை ஓட்டம் தங்கம். உயரம் தாண்டுறதுல முதல் வந்தவங்க தாண்டுன அதே உயரத்தைத் தாண்டியும், தலை முன்னாடி போற மாதிரி தாண்டுறாங்கன்னு சொல்லி வெள்ளி. ஒலிம்பிக் முடிஞ்சதும் அமெரிக்காவே கொண்டாடுச்சு, கூடவே கிண்டலும் பண்ணுச்சு. பொண்ணு மாதிரியா இருக்கா, முடியைப் பாரு, கையைப் பாருன்னு பத்திரிகைக்காரங்க எழுதுனாங்க. பெண் விளையாட்டு வீராங்கனைகளை இன்னைக்கும் எப்படிப் பேசுறாங்கன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

கோல்ஃப் எப்படி வந்துச்சு? தடகளத்துல பொழப்பு நடத்த முடியாது. காசு வர்ற விளையாட்டு வேணும். கை எல்லாம் கொப்புளமாகி ரத்தம் வர்ற வரைக்கும் பந்தை அடிச்சுப் பழகுனாங்க. 1935ல டெக்சாஸ் மாநிலப் பட்டத்தை வாங்குனாங்க. பணக்கார கிளப் பெண்கள் ஆடுற ஆட்டத்துல ஒரு டைப்பிஸ்ட் வந்து கோப்பையைத் தூக்கிட்டுப் போறதை எல்லாரும் ரசிக்கல. நீ ஏற்கெனவே மத்த விளையாட்டுல காசு வாங்குனவ, அமெச்சூர் போட்டிகள்ல ஆடக் கூடாதுன்னு தள்ளி வெச்சாங்க. அந்தத் தடை நீங்க 1943 வரைக்கும் ஆச்சு. நடுவுல ஜார்ஜ் ஜகாரியாஸ்ங்கிற மல்யுத்த வீரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1946ல அமெரிக்க அமெச்சூர் பட்டம், 1947ல பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். அந்தப் பிரிட்டிஷ் பட்டத்தை வாங்குன முதல் அமெரிக்கப் பெண் அவங்கதான். 1950ல பெண்களுக்குன்னு தொழில்முறை கோல்ஃப் சங்கம் ஆரம்பிச்ச 13 பேர்ல ஒருத்தங்க. 1952ல இருந்து அதுக்குத் தலைவர்.

இந்தத் தலைவர் விஷயம் முக்கியம். சங்கம் புதுசு. ஆடுறவங்களே கடிதம் எழுதணும், கணக்குப் பார்க்கணும், ஊர் ஊரா கார் ஓட்டிட்டுப் போகணும். பேப் வர்றாங்கன்னாதான் டிக்கெட் விக்கும். பேப் உடம்பு சரியில்லாம உட்கார்ந்தா பேபுக்கு மட்டும் நஷ்டம் இல்ல, மொத்தக் கடையும் ஆடிப் போயிடும்.

1953 ஏப்ரல். போமான்ட்ல, சொந்த ஊர்ல, அவங்க பேர்லயே ஒரு போட்டி. பேப் ஜெயிச்சாங்க. கொஞ்ச நாளாவே உடம்புல அசதி, மலத்துல ரத்தம். போட்டி முடியட்டும்னு தள்ளிப் போட்டிருந்தாங்க. முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போனாங்க. மலக்குடல்ல புற்றுநோய். ஏப்ரல் 17ஆம் தேதி அறுவை. குடலோட ஒரு பகுதியை எடுத்துட்டு, மிச்சக் குடலோட முனையை வயித்துப் பக்கமா வெளிய கொண்டுவந்து, அந்தத் துளை வழியா மலம் வெளியேற வைக்கிற அறுவை அது. கொலாஸ்டமின்னு சொல்வாங்க. இன்னைக்கு அதுக்கு ஒட்டுற பை எல்லாம் நல்லதா வந்துடுச்சு. 1953ல அப்படி இல்ல.

இனிமே பெரிய போட்டிகள்ல ஆட முடியாதுன்னு டாக்டர்கள் சொன்ன செய்தி பேப்பர்ல வந்துச்சு. பேப் என்ன பண்ணாங்கன்னா, தன்னோட கோல்ஃப் மட்டைகளை ஆஸ்பத்திரி அறையில, கண்ணுக்குத் தெரியுற மாதிரி மூலையில வைக்கச் சொன்னாங்க. பெட்டி டாட்னு ஒரு இளம் கோல்ஃப் வீராங்கனை, பேபை விட இருபது வயசு சின்னவங்க, அந்த அறையிலேயே ஒரு கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டாங்க. அந்தத் துளையை எப்படிச் சுத்தம் பண்றதுன்னு கத்துக்கிட்டது பெட்டி டாட்தான்.

இப்போதான் நான் சொன்ன அந்த விஷயம் வருது.

அறுவை முடிஞ்சதும் சர்ஜன் வெளிய வந்து ஜார்ஜ்கிட்டயும் பெட்டி டாட்கிட்டயும் சொன்னார். குடல்ல இருந்ததை எடுத்தாச்சு, ஆனா நிணநீர்க் கணுக்கள்லயும் கேன்சர் இருக்கு. நிணநீர்க் கணுன்னா, டாக்டருங்க லிம்ஃப் நோடுன்னு சொல்றாங்களே, அது. நோய் அங்க போயிடுச்சுன்னா வேற இடத்துக்கும் போக வழி கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு இருந்த மருத்துவத்துல அதுக்கு மேல பெருசா ஒன்னும் பண்ண முடியாது.

ரெண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தாங்க. பேபுக்குச் சொல்ல வேண்டாம்.

இங்க நான் கொஞ்சம் நிறுத்துறேன். ஏன்னா இதைப் படிச்சப்போ எனக்கு அந்த டெக்சாஸ் ஆஸ்பத்திரி தெரியல. சங்கராபுரம் வீட்டுத் திண்ணை தெரிஞ்சது.

அதே 2011. யுவராஜ் வாந்தி எடுத்த மேட்ச் முடிஞ்சு, என் பரீட்சையும் முடிஞ்ச சமயம். எங்க அப்பாவைப் பெத்த ஆயா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லிக் கடை வெச்சிருந்தாங்க. காலையில மூணரை மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வைக்கிற ஆளு, மதியம் வரைக்கும் படுத்தே இருந்தாங்க. மூலம்னு சொல்லி ரொம்ப நாளா நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தாங்க. பெரியப்பா வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் மூணு நாள் கழிச்சுத் திரும்பி வந்தார். ஒரு மஞ்சப் பையில ஃபைல். வீட்டுல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்ச ஆள் நான்தான். ஃபைல்ல கேன்சர்ங்கிற வார்த்தையே இல்ல. ரெண்டே எழுத்து, சி, ஏ. அதுக்குப் பக்கத்துல ரெக்டம். நோயாளி கையில ஃபைல் கிடைச்சாலும் புரியக் கூடாதுன்னே அப்படி எழுதுறாங்களோன்னு இப்போ தோணுது. எனக்கும் புரியல. பெரியப்பா என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போய்ச் சொன்னார். ஆயாவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அன்னைக்கே மனசு விட்டுடும்.

சாயங்காலம் ஆயா என்னைக் கூப்பிட்டாங்க. "ஏ பாப்பா, நீதான படிச்ச புள்ள. அதுல என்னன்னு போட்டிருக்கான்?"

"குடல் புண் ஆயா. காரம் சேக்காம சாப்பிட்டா ஆறிடுமாம்."

எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. யாரும் எழுதிக் குடுக்கல, அந்தக் காரம் விஷயத்தை நானாவே சேர்த்தேன்.

சரி, பேப்.

அறுவைக்கு அப்புறம் மூணரை மாசத்துல, 1953 ஜூலை கடைசியில, சிகாகோ பக்கத்துல டாம் ஓஷான்டர் மைதானத்துல திரும்பி வந்தாங்க. பெட்டி டாட் கூட ஜோடியா ஆட ஏற்பாடு, ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல ஆள் வேணுமே. நல்லா ஆடல. மூணாவது நாள் பந்து எங்கேயோ போக, ஒரு இடத்துல உட்கார்ந்து தலையில கை வெச்சு அழுதுட்டாங்க. நிறுத்திடலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்கன்னு பெட்டி டாட் சொன்னாங்க. பேப் கேக்கல. எழுந்து ஆடி முடிச்சாங்க. 15ஆவது இடம். அடுத்த சில நாள்ல அதே மைதானத்துல நடந்த இன்னொரு போட்டியில மூணாவது இடம்.

1954 பிப்ரவரியில அறுவைக்கு அப்புறம் முதல் வெற்றி. ஏப்ரல் 1ஆம் தேதி வெள்ளை மாளிகையில அதிபர் ஐசன்ஹோவர் கூட நின்னு அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியோட பிரச்சாரத்தைத் தொடங்கி வெச்சாங்க. ஐசன்ஹோவருக்கும் கோல்ஃப் பைத்தியம், அதனால பேச்சுக்குப் பஞ்சமில்ல.

அப்புறம் ஜூலை. மாசசூசெட்ஸ் மாநிலம் பீபடியில சேலம் கன்ட்ரி கிளப். ஆமா, சேலம்தான். நம்ம கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற சேலம் இல்ல. பெண்களுக்கான யு.எஸ். ஓப்பன். கோல்ஃப் தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம்: பந்தைக் குழியில போட எத்தனை அடி எடுத்துக்கிட்டீங்கன்னு எண்ணுவாங்க. குறைச்சலா அடிச்சவங்க ஜெயிச்சாங்க. 18 குழி ஒரு சுத்து. ஒரு சுத்துக்கே ஆறேழு கிலோமீட்டர் நடை. இந்தப் போட்டி நாலு சுத்து. அதுல கடைசி ரெண்டும் ஒரே நாள்ல. அதாவது வயித்துல துளையோட, ஜூலை வெயில்ல, ஒரே நாள்ல பன்னண்டு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். 72, 71, 73, 75. மொத்தம் 291. ரெண்டாவது வந்தவங்களுக்கும் இவங்களுக்கும் 12 அடி வித்தியாசம். இந்த மட்டத்துல ஒரு அடி, ரெண்டு அடி வித்தியாசத்துல ஜெயிச்சாலே கொண்டாடுவாங்க. பன்னண்டு!

ஜெயிச்சதும் என்ன சொன்னாங்க தெரியுமா? கொலாஸ்டமிங்கிற வார்த்தையையே எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. இந்த அறுவை செஞ்சுக்கிட்ட ஆயிரக்கணக்கானவங்க சாதாரணமா வாழ முடியும்னு காட்டத்தான் ஆசைப்பட்டேன், இதுதான் அவங்களுக்கு என் பதில்னு. 1954ல ஒரு பிரபலம், அதுவும் ஒரு பெண், தன் மலம் எந்த வழியா வெளியேறுதுங்கிற அறுவையோட பேரைப் பொதுவுல சொல்றாங்க. கேன்சர்னே அக்கம்பக்கத்துல சொல்லாத காலம். ஒட்டிக்கும்னு நினைச்சவங்களும் இருந்தாங்க. பேபுக்குக் கட்டுக்கட்டா கடிதம் வந்துச்சு.

அந்த மேடையில நின்னு பேசும்போது, தான் குணமாயிட்டதா பேப் நம்பினாங்க. கூட்டத்துல கை தட்டிட்டிருந்த ரெண்டு பேருக்கு அது உண்மை இல்லன்னு தெரியும்.

இதே நாட்கள்ல நம்ம ஊர்ல என்ன நடந்ததுன்னு பார்க்கலாம், ஏன்னா தேதி அவ்வளவு பக்கத்துல வருது. பேப் ஜெயிச்சது 1954 ஜூலை 3. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜூன் 18ஆம் தேதி, அடையாறுல கேன்சர் இன்ஸ்டிடியூட் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பிச்சுது. 12 படுக்கை. அதைக் கொண்டு வந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரங்க, 1886ல பிறந்தவங்க, சென்னை சட்ட மேலவைக்குப் போன முதல் பெண். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவங்க நடத்துன போராட்டம் நமக்குத் தெரியும். கேன்சர் பக்கம் அவங்களைத் தள்ளுனது என்னன்னா, அவங்க தங்கச்சியோட சாவு. 1923. முதல்ல சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பார்த்தாங்க. கடைசியில பார்த்தா மலக்குடல் புற்றுநோய். பேபுக்கு வந்த அதே நோய். வீட்டுலயே டாக்டர் இருந்தும் தாமதமாத்தான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் முப்பது வருஷம் அந்த அம்மா ஒரு கேன்சர் ஆஸ்பத்திரிக்காகக் காசு கேட்டு அலைஞ்சாங்க. அங்க 1955ல வேலைக்குச் சேர்ந்து, 2021ல சாகுற வரைக்கும் அங்கேயே இருந்த டாக்டர் சாந்தா, பழைய கதையைச் சொல்லும்போது ஒன்னு சொல்வாங்க: கேன்சருக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, வந்தவங்க செத்துத்தானே போறாங்கன்னு பொறுப்புல இருந்தவங்களே கேட்டாங்களாம்.

பேப் மாதிரி ஒருத்தங்க கோப்பையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது இந்த நம்பிக்கைக்கு எதிராத்தான். அமெரிக்காவுலயும் சரி, அடையாறுலயும் சரி.

அப்போ சொல்லாம விட்டது சரிதானா? பேபுக்கு உண்மை தெரிஞ்சிருந்தா பீபடியில அந்த மாதிரி ஆடியிருப்பாங்களா? இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது நான் இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிச்சேன். ஜார்ஜையும் பெட்டி டாட்டையும் வில்லன் ஆக்குறது சுலபம். அவங்க காலத்தையும் பார்க்கணும். 1961ல சிகாகோவுல ஒரு மருத்துவர் மத்த மருத்துவர்கள்கிட்ட ஒரு கணக்கு எடுத்தார். கேன்சர்னா நோயாளிகிட்ட சொல்வீங்களா? 90 சதவீதம் பேர், சொல்லாம இருக்குறதுதான் எங்க வழக்கம்னாங்க. 1979ல அதே மாதிரி கேள்வியை இன்னொரு குழு கேட்டுச்சு. 97 சதவீதம் பேர் சொல்வோம்னாங்க. பதினெட்டு வருஷத்துல தலைகீழ். கொஞ்சம் வைத்தியம் வளர்ந்துச்சு, கொஞ்சம் நோயாளியோட உரிமைங்கிற பேச்சு வளர்ந்துச்சு. ஆக 1953ல அந்த சர்ஜன் குடும்பத்துகிட்ட சொல்லிட்டு நோயாளிகிட்ட சொல்லாதது, அன்னைக்கு ஊர் வழக்கம்.

நம்ம ஊர்ல அந்தத் தலைகீழ் மாற்றம் எப்போ வந்துச்சு? பாதி வீட்டுல இன்னும் வரலன்னுதான் நான் சொல்வேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியோட நாலு பேர் போவோம். ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் அதுல ஒருத்தர் மெதுவா நோயாளியை வெளிய உட்கார வெச்சுட்டு உள்ள போவார். நீங்களும் பார்த்திருப்பீங்க. சில பேர் அந்த ஒருத்தரா இருந்திருப்பீங்க.

ஜெயிச்சாங்களே, அப்போ பொய் வேலை செஞ்சதுதானேன்னு கேட்கலாம். நான் அதை ஏத்துக்கல. ஒன்னு, பேப் ஒலிம்பிக்ல இருந்தே அப்படித்தான். தெரிஞ்சிருந்தாலும் மட்டையைத் தூக்கியிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. அதுக்குச் சாட்சி அப்புறம் வருது. ரெண்டு, அந்த ரெண்டு வருஷத்தை எப்படிச் செலவு பண்றதுன்னு முடிவு எடுத்தது யாரு? ஊர் ஊரா கார்ல போய் ஆடுனாங்க, சங்கத்தை நடத்துனாங்க, கேன்சர் நிதிக்காக அலைஞ்சாங்க. எல்லாம் நல்லதுதான். ஆனா இன்னும் முப்பது வருஷம் இருக்குன்னு நினைச்சவங்க போடுற திட்டம் வேற, மூணு வருஷம்னு தெரிஞ்சவங்க போடுற திட்டம் வேற. அந்தத் திட்டம் போடுற வாய்ப்பை அவங்ககிட்ட இருந்து எடுத்தாச்சு. அன்புனாலதான் எடுத்தாங்க. எடுத்தது எடுத்ததுதான்.

1955ல ரெண்டு போட்டி ஜெயிச்சாங்க. அதோட தொழில்முறை வெற்றிகள் முடிஞ்சது. முதுகு வலி தாங்க முடியல. ஜூன்ல முதுகுத் தண்டுல ஒரு அறுவை, தட்டு விலகியிருக்குன்னு. வலி போகல. ஆகஸ்ட்ல கண்டுபிடிச்சாங்க, இடுப்பெலும்புப் பக்கம் கேன்சர் திரும்ப வந்திருக்கு. இந்தத் தடவை சொல்லிட்டாங்க.

கேட்டுட்டு அவங்க உடைஞ்சு போகல. சொன்னேனே சாட்சி, இதுதான். செப்டம்பர்ல தன் பேர்ல கேன்சர் ஆராய்ச்சிக்கு ஒரு நிதியைத் தொடங்குனாங்க. அந்த வருஷமே சுயசரிதையும் வந்துச்சு. உண்மை தெரிஞ்சா மனசு விட்டுடும்னு ரெண்டு வருஷம் மறைச்சாங்களே, தெரிஞ்சதும் அவங்க பண்ண முதல் வேலைகள்ல ஒன்னு அடுத்தவங்களுக்காகப் பணம் திரட்டுனது.

1956 செப்டம்பர் 27. கால்வெஸ்டன் ஊர்ல, ஆஸ்பத்திரியில இறந்து போனாங்க. 45 வயசு. கோல்ஃப் மட்டைகள் கடைசி வரைக்கும் அந்த அறையிலேயே இருந்துச்சு. அன்னைக்குக் காலையில ஐசன்ஹோவர் பத்திரிகையாளர் சந்திப்பைத் தொடங்குனதே அவங்களுக்கு அஞ்சலி சொல்லித்தான்.

எங்க ஆயா கதையைப் பாதியில விட்டுட்டேன்.

ஆயாவுக்கு ஒரு தங்கச்சி, மூங்கில்துறைப்பட்டுல. எங்க ஊர்ல இருந்து ஒரே பஸ். சர்க்கரை ஆலை இருக்குற ஊர். ரெண்டு பேருக்கும் ஒரு அரை ஏக்கர் கரும்புக் கொல்லை விஷயத்துல சண்டையாகி, ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குக்கூட ஆளை அனுப்புவாங்களே தவிர நேர்ல போக மாட்டாங்க. அந்த வருஷம் வைகாசியில ஆயா தானாவே சொன்னாங்க: "புண்ணு ஆறட்டும் பாப்பா. ஆடி கழிஞ்சதும் நீயும் நானும் போயி அவளப் பாத்துட்டு வந்துடுவோம். எத்தினி நாளைக்குத்தான் வீம்பு." நான் சரின்னு தலையாட்டுனேன். பெரியப்பாகிட்ட சொன்னேன். இப்போ கூட்டிட்டுப் போனா ஏன் திடீர்னு கூட்டிட்டுப் போறீங்கன்னு சந்தேகப்படும், ஆடி கழியட்டும்னார்.

ஆடி கழியல. பதினெட்டாம் பெருக்குக்கு மூணு நாள் முன்னாடி ஆயா போயிட்டாங்க.

சின்ன ஆயா முதல் பஸ்ஸுக்கே வந்துட்டாங்க. அழல. கால்மாட்டுல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் எழுந்து வந்து, வாசல்ல தண்ணிக் குடம் பக்கத்துல நின்னுட்டிருந்த என்கிட்ட கேட்டாங்க. பெரியப்பாகிட்ட கேக்கல, என் அப்பாகிட்ட கேக்கல.

"படிச்ச புள்ளதானடி நீ. ஒரு லெட்டர் போட்டிருக்கக் கூடாதா?"